குளிர்ந்த மேகம் பூமியைச் சூடாக்குவதா?

வெகு உயரத்தில், பஞ்சைப் பிய்த்து இழுத்து விட்டாற்போலத் தெரிகின்றதே, அந்தக் கீற்று மேகம் நீர்த்துளியன்று. முழுவதும் பனிக்கட்டித் துகள். வெப்ப நாடுகளின் மேல் அது 10 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும். குளிரோ சைபருக்குக் கீழே 40 டிகிரி, 70 டிகிரி. இந்த மேகம் பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் மறிக்கின்றது என்றால், “ஐஸ் கட்டி எங்கேயாவது சுடுமா?” என்று படித்தவர்கள்கூடக் கேலி செய்கின்றார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால், கேட்டவர் பதிலுக்கு நிற்க வேண்டாமா?

தோழர்களே! மார்கழியில் போர்த்துகின்ற கம்பளிக்குச் சொந்தச் சூடு ஏது? (உவமை பாதிதான் சரி. கம்பளி காற்றை மறிக்கின்றது. மேகம் கதிரை மறிக்கின்றது.) தரையானது தான் வாங்கிய வெய்யிலைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக இரவும் பகலும் மேலே விட்டுக்கொண்டேயிருக்கின்றது. அதில் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் பிடித்துக் கொள்ளுகின்றன. 8 முதல் 12 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிருக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு ஜன்னல் திறந்திருக்கின்றது. பனித்துகள் அந்த ஜன்னலை அடைக்கின்றது.

விழுங்கிய மேகம் தானும் கதிர் விடத்தான் செய்யும். எவ்வளவு விடும்? 1879ல் ஸ்டெபான் கண்ட விதிப்படி, வெப்பநிலையின் நான்காம் மடிக்குத் தக்கபடி. தரை 27 டிகிரி என்றால் கெல்வின் கணக்கில் 300. மேகம் சைபருக்குக் கீழே 73 என்றால் 200. மூன்றில் இரண்டு. அதையே நான்கு தடவை வைத்துப் பெருக்கினால் 81ல் 16! தடித்த பனி மேகமானால், தரை மேலே அனுப்பும் ஒரு ரூபாய்க்கு அது ஆகாயத்துக்குச் செலுத்துவது மூன்றணாதான். ஆகவே, குளிர்ந்திருப்பதால்தான் அது சூட்டைத் தேக்குகின்றது. கேலி செய்தவர் சொன்ன காரணமே அவருக்கு விரோதமாய் நிற்கின்றது.

எல்லா மேகமும் இப்படியல்ல. மேகங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பூமிக்குக் குளிர்ச்சியே என்று 1989ல் வீரபத்திரன் ராமநாதன் முதலானோர் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு காட்டினார்கள். தாழ்ந்த தடித்த மேகம் வெய்யிலைத் திருப்பியடிக்கும். மெல்லிய கீற்று மேகமோ வெய்யிலை உள்ளே விட்டுவிட்டு, சூட்டை வெளியே விட மறுக்கும்.

ஆகாய விமானம் விட்டுப்போகின்ற வெள்ளைக் கோடும் இதே சாதிதான். எஞ்சின் நீராவி கரித்துகளில் படிந்து பனியாகின்றது. மேலே ஈரமிருந்தால் மணிக்கணக்காய் நின்று பரவுகின்றது. இரவிலோ மறைக்க வெய்யிலுமில்லை; சூட்டை மறிப்பது ஒன்றே அதன் வேலை. அந்த ஈரப்படலத்தை விட்டுச் சில நூறு மீட்டர் மேலோ கீழோ பறந்தால் பெரும்பாலும் கோடு நிற்காது. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகலாம். அதை டிக்கெட்டில் சேர்க்கட்டுமே. விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்த கூலிக்காரன் தலையில் அந்தச் சூட்டை ஏற்றுவானேன்?