ஒரே இருக்கையில்

சென்ற மாதம் ஒருநாள் காலை பெரியநாயக்கன்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றிருந்தோம். கோவை செல்லும் தனியார் நகரப் பேருந்து ஒன்று வந்தது. உட்காரவும் இடமிருந்தது. ஆயினும், கூடையோடும் தூக்குப்போசியோடும் நின்ற ஏழெட்டுப் பெண்கள் அசையவில்லை. அருகில் நின்ற தாயிடம், "ஏனம்மா, ஏறவில்லையா?" என்று வினவினோம். "அது காசு பஸ்ஸுங்க ஐயா. நம்ம பஸ் வரட்டுங்க" என்றார்.

2021ஆம் ஆண்டு மே 8 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததை வாசகர் அறிவர். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு பின்னர்க் கூறியது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் இது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும் தொகை. ஆயினும், தொகையைவிட வேறொன்றையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பெரியாஸ்பத்திரிக்கோ, மகளைக் கல்லூரியில் சேர்க்கவோ புறப்படும் பெண், பஸ்ஸுக்குக் காசு கேட்டு எவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. 'நம்ம பஸ்' என்று அத்தாய் உரிமையோடு கூறியதன் பொருள் இதுவே என்று நமக்குத் தோன்றியது.

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார் என்று கொங்கு நாட்டார் பெருமையோடு கூறுவோம். அக்காலத்தில் தமிழ்நாட்டில் பேருந்து யாவர்க்கும் பொதுவாயிருந்தது என்று எண்ணிவிடலாகாது. தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகளும் இருந்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுப்போரின் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட நேர்ந்தது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரிலோ, 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி தம் இருக்கையை விட்டெழ மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தில் ஏறாதிருந்தனர். அதன் பின்னரே அங்கு இருக்கை பொதுவாயிற்று.

வெகு தொலைவு போவானேன்? 1997இல் நம் மாநிலத்திலேயே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினர். கலவரம் மூண்டு உயிர்கள் மாய்ந்தன. முடிவில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. 1972 முதல் நமக்குப் பழகிய 'சேரன்' என்னும் பெயரும் அவ்வாறே மறைந்தது. எவரோ இட்ட சண்டைக்கு நாம் கொடுத்த விலை என்று இன்றும் சிறிது வருந்துகிறோம்!

இருப்பினும் நாள்தோறும் நம் கண்முன் நிகழ்வது என்ன? ஊருக்குள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் அமரத் தயங்கும் கிராமங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் இன்றும் உள்ளன. அவ்விருவரும் மேட்டுப்பாளையம் சாலையில் ஏறியதும், மூவர் இருக்கையில் நால்வராக நெருங்கியமர்ந்து துடியலூர் வரை உறங்கிச் செல்கின்றனர். அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஆனால் ஒரு கவலை நமக்குண்டு. 1962இல் தோன்றிய இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆலைக்கும், இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்கும் முன்னாளில் பேருந்தில் வந்திறங்கியோருள் அலுவலரும் இருந்தனர், ஆசிரியரும் இருந்தனர். வண்டி வாங்க வசதியுள்ளோர் இன்று ஒவ்வொருவராக இறங்கிவிட்டனர். வசதியற்றோர் மட்டுமே ஏறும் வாகனத்தைப் பற்றி, அது நேரத்துக்கு வருகிறதா என்று கேட்கச் செல்வாக்குள்ளவர் எவர்? 'ஓசி டிக்கெட்' என்று முகம் சுளிக்கும் சொல்லை நாமே ஒருமுறை பேருந்தில் கேட்டோம். அது வரிப்பணத்தில் நடக்கும் பயணம். அவ்வரியில் அப்பெண்கள் வாங்கும் சோப்புக்கட்டியின் பங்கும் உண்டு.

தனியார் நகரப் பேருந்துகள் மிகுதியாக ஓடும் கோவையில், சலுகை அவ்வண்டிகளின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அரசுப் பேருந்துகளைக் கூட்டலாம். இயலாதெனில் கழகங்களுக்கு ஈடு தருவதுபோலத் தனியாருக்கும் தந்து ஏற்றச் சொல்லலாம். கோவை மெட்ரோ ரயில் திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பியனுப்பியபோது எழுந்த கூக்குரலில் சிறு பங்கேனும் இதற்காக எழுந்திருக்கலாகாதா? அவிநாசி சாலைக்கும் சத்தி சாலைக்கும் வகுத்த அத்திட்டத்தின் முதற்கட்டத்தில் நம் சாலைக்கு இடமேயில்லை.

பேசிக்கொண்டிருக்கையில் அத்தாய் இன்னொன்றும் கூறினார். அவர் மகள் கோவையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். இரவு கடை அடைக்கும் நேரத்துக்குப் பின் அவர்கள் ஊருக்குள் செல்லப் பேருந்து இல்லை. சாலைப் பிரிவில் இறங்கி மூன்று கிலோமீட்டர் இருளில் நடக்க வேண்டும். அண்ணன் வண்டியோடு வந்து காத்திருப்பான். அவனுக்கு இரவு ஷிப்டு மாறிய மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாளாம்.

ஊரார் நாற்பது பேரிடம் கையொப்பம் பெற்று, கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்குமாறு கூறினோம். நேரத்தையும் பேருந்து எண்ணையும் குறித்தே எழுத வேண்டும் என்றும் சொன்னோம். "குடுத்துப் பாக்கறமுங்க" என்றவர், கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். நம்ம பஸ் வந்துவிட்டது.