மாநாட்டைச் சுமக்கும் தோள்



அண்மையில் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என் மகள் ஈப்போவிலே ஒரு ஹோட்டலில் மாநாட்டு மேனேஜராகச் சேரப் போகிறாளாம். மேசை நாற்காலி போடுகிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தேன்?"

பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த கைகள் அவை. அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள மனம் வரவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். காவடி எடுத்தவரை ஊருக்கே தெரியும். தலைவர் கழுத்தில் விழுந்த மாலையும் தெரியும். ஆனால் வசூல் கணக்கு எழுதியவர் யார்? மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்தவர் யார்? துரையிடம் லாரி கேட்டவர், அன்னதானத்துக்கு அரிசி போதுமா என்று தூங்காமல் தவித்தவர் யார்? அவருடைய வேலைக்குத்தான் இன்று சம்பளமும் பதவிப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்து, அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். 1964 ஜனவரியில், டில்லியில் கூடிய கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாட்டின்போது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக அவரே முக்கிய காரணம். இரண்டே ஆண்டில் பல நாட்டு அறிஞர்களை இங்கே கூட்டிவிட்டார்கள்.

ஈமெயில் இல்லாத காலம் அது. கடிதம் கடல் கடந்து போய்ப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். யார் வருகிறார், எங்கே தங்குவார், எந்த நாளில் எந்தக் கட்டுரை என்று எல்லாவற்றையும் தாளில்தான் எழுதி வைக்க வேண்டும். எட்டு நாளில் மாநாடு முடிந்தது. வேலை முடிந்ததா? இல்லை! கட்டுரைகளைத் திரட்டி அச்சிட்ட முதல் தொகுதி 1968-இலும், இரண்டாம் தொகுதி 1969-இலும் வந்தன. மாலைகள் வாடி மூன்றாண்டு ஆன பிறகும் ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தார் என்று பொருள். இன்றும் அறிஞர்கள் புரட்டுவது அந்தத் தொகுதிகளைத்தான், கைதட்டலை அல்ல.

இனிப் பணக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, மண்டப வாடகை 6,000 வெள்ளி, சாப்பாடு ஆளுக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் வந்தால் மொத்தச் செலவு 18,000; ஆளுக்கு 90 வெள்ளி கட்டணம் வைத்தால் சரிக்குச் சரி. வந்தவர் 120 பேர்தான் என்றால்? வரவு 10,800. ஹோட்டல்காரர்கள் சில நாள் முன்பே, "எத்தனை பேருக்கு உறுதி?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவது வழக்கம். 200 என்று எழுதிக் கொடுத்திருந்தால் 18,000-ஐயும் கட்டத்தான் வேண்டும். 7,200 வெள்ளி பள்ளம்! சரியான நேரத்தில் 120 என்று குறைத்திருந்தால் பள்ளம் 2,400 வெள்ளியோடு நின்றிருக்கும். அந்த ஓர் எண்ணைச் சரியாகச் சொல்வதற்குத்தான் படிப்பும் அனுபவமும்.

பணத்தைவிடப் பெரியது மனிதர் நலம். மண்டபத்தில் எத்தனை பேர் அடங்குவார்கள், அவசரக் கதவுகள் பூட்டாமல் இருக்கின்றனவா, சைவச் சாப்பாடும் ஹலால் சாப்பாடும் தனித்தனியாக வந்தனவா, சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி உண்டா, எல்லாம் அவர் தலையில்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்த முதியவர்கள் பசியோடு திரும்பினார்கள். சாப்பாடு முன்வரிசையோடு தீர்ந்துவிட்டது. "யார் பொறுப்பு?" என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்கள். எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்று அன்று புரிந்துகொண்டேன். ஒரு பாட்டி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரை, கட்டளை போடுபவர். மாநாட்டு மேனேஜர் அப்படியல்ல, பதில் சொல்பவர். அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தப் பதவி.

இன்று இது வளரும் தொழில். வெளிநாட்டு மாநாடுகளை இங்கே கொண்டுவருவதற்கென்றே மலேசிய மாநாடு, கண்காட்சிப் பணியகம் 2009-இல் தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. சனி, ஞாயிறு ஓய்வு கிடைக்காது. இரவு வெகுநேரம் ஆகும். ஆகவே பெற்றோர்களே, கூடுதல் நேரச் சம்பளம் உண்டா, இரவில் வீடு திரும்ப வண்டி உண்டா என்று வேலையில் சேருமுன்பே கேட்கச் சொல்லுங்கள். அது கௌரவக் குறைச்சல் அல்ல.

பந்தியில் அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "அக்கா, விடியாத பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒரு நாளாவது நீங்கள் இல்லாமல் இருந்திருக்கிறீர்களா? அந்தப் பழக்கம்தான் உங்கள் மகளுக்கு முதல். நாற்காலியை யாரும் போடலாம். நாற்காலி குறைந்தால் 'நான் பொறுப்பு' என்று முன்னால் வந்து நிற்கத்தான் ஆள் வேண்டும்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னார்.