பெஜோவுக்கு வயசு என்ன?

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா பிரான்ஸ்ல லியோன் போயிருந்தப்ப, பழைய சாமான் சந்தையில ஒரு வெள்ளை பெஜோ சைக்கிள் வாங்கினேன். "1960 மாடல்"னு வித்தவர் அடிச்சு சொன்னார். நானும் நம்பிட்டேன்.

பெடல் தேய்ஞ்சிருந்தது. புதுசு வாங்கி மாட்டினா பாதியில இறுகுது. ஸ்பேனரை வெச்சு ஒரே அழுத்து. இடது கிராங்க்கோட மரை காலி! பழைய பிரெஞ்சு பெடல் மரை 14 மி.மீ. நான் வாங்கினது 9/16 அங்குலம், அதாவது 14.29 மி.மீ. அந்த 0.29-ல போச்சு என் ஸ்ட்ராங்லைட் கிராங்க்.

பட்ட பிறகு வந்த புத்தியைச் சொல்றேன். பழைய பிரெஞ்சு சைக்கிளோட வயசை ஸ்டிக்கர்ல தேடாதீங்க, மரையில தேடுங்க. ஸ்டிக்கர் புதுசா வாங்கி ஒட்டலாம். ஃப்ரேம்ல வெட்டின மரையை அப்படி லேசுல மாத்த முடியாது. பெடல் அச்சு உட்கார்ற இடத்துல 35 மி.மீ. அகலம், 1 மி.மீ. இடைவெளி, ரெண்டு பக்கமும் வலஞ்சுழி மரைன்னா அது பிரெஞ்சு அளவு. இங்கிலீஷ் ஃப்ரேம்ல செயின் பக்கம் மட்டும் இடஞ்சுழி. 1980-ஐ ஒட்டி பிரெஞ்சு கம்பெனிகளே தங்க அளவை விட்டுட்டு மத்த அளவுகளுக்கு மாறிட்டாங்க. ஆக, மேல் எல்லை கிடைச்சாச்சு.

அடுத்து பாகங்கள். என் வண்டியில கியர் மாத்துறது சிம்ப்ளெக்ஸ், டெல்ரின் பிளாஸ்டிக். அது 1960களோட தொடக்கத்துலதான் வந்தது. ரெண்டு மயார் ஹப்புலயும் 74-னு வருஷம் பொறிச்சிருக்கு. ஒரு ஹப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, சக்கரம் மாத்தியிருக்கலாம். ஒரே ஒரு லாக் வரியை வெச்சு பக் கண்டுபிடிச்ச கதையாயிடும். முன்னும் பின்னும் ஒரே வருஷம், மரையும் ஒத்துப்போகுது. அதனால 1974 இல்ல 75-ங்கறது என் தீர்ப்பு.

"சுரண்டிட்டு புது பெயிண்ட் அடி, பளபளன்னு ஆயிடும்"னு நண்பர்கள் சொல்றாங்க. மாட்டேங்க. அந்தக் கீறல் விழுந்த பெயிண்டும் சாட்சிதான். சாட்சியைக் கலைச்சுட்டு அப்புறம் வயசு கேட்டா யார் சொல்லுவா?

அதே அளவுல ஒரு பழைய இடது கிராங்க் தேடிப் பிடிச்சு மாட்டிட்டேன். நிறம் கொஞ்சம் மங்கல். பரவாயில்ல, என் அவசரத்துக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும்.

பி.கு: பிரெஞ்சு பெடல்ல G-ன்னு இருந்தா இடது, D-ன்னு இருந்தா வலது. ஸ்பேனரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க சாமி!