வாலிபர் பெயரில் உயில், வயோதிகர் கையில் சாவி!



இறந்தவன் எழுந்து வந்து வழக்காடுவதில்லை. அந்தத் துணிவிலேதான் உலகிலே எத்தனையோ உயில்கள் பெட்டியிலே பத்திரமாகவும், நடப்பிலே பரிதாபமாகவும் கிடக்கின்றன. அத்தகைய உயில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பாரிசு நகரத்து உயில் அது. நிலபுலம் பற்றியதல்ல, நகைநட்டு பற்றியதல்ல. கையிலே காசின்றி, கருத்திலே கனலோடு, நாவல் எழுதத் துடிக்கும் இளைஞனைப் பற்றியது.

எட்மண்ட், ஜூல் என்று இரு உடன்பிறந்தார். கோன்கூர் என்பது குடும்பப் பெயர். இருவரும் சேர்ந்தே சிந்தித்தனர், சேர்ந்தே எழுதினர். இளையவர் ஜூல் 1870இல் மறைந்தார். மூத்தவர் எட்மண்ட், தம்பியின் நினைவோடு 1896 வரை வாழ்ந்தார். அவருக்குப் பெற்ற பிள்ளை இல்லை. வீடு நிறைய ஓவியங்கள், ஜப்பானியக் கலைப்பொருள்கள், அரிய நூல்கள் இருந்தன. அவ்வளவையும் ஏலத்திலே விற்று, வரும் தொகையை முதலாக வைத்து, பத்துப் பேர் கொண்ட மன்றமொன்று அமைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அதிலே பிரபுக்கள் கூடாது. அரசியல் புள்ளிகள் கூடாது. பிரெஞ்சு அகாதமி எனும் பழம்பெரும் அவையிலே வீற்றிருப்போரும் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6000 பிராங்கு. அவர்கள் ஆண்டுதோறும் கூடி, ஒரு நூலுக்கு 5000 பிராங்கு பரிசளிக்க வேண்டும்.

யாருக்குப் பரிசு? இங்கேதான் உயிலின் உயிர் இருக்கிறது. இளமைக்கு! தனித்தன்மை வாய்ந்த திறமைக்கு! கருத்திலும் வடிவிலும் புதுமையும் துணிவும் காட்டும் முயற்சிக்கு! இதுவே தம் தலையாய விருப்பம் என்று எழுதி வைத்துவிட்டுக் கண் மூடினார் எட்மண்ட்.

சொத்து என்றதும் உறவினர் சும்மா இருப்பரா? வழக்குத் தொடுத்தனர். பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரான ரேமோன் புவான்கரே, மன்றத்தின் சார்பிலே வாதாடினார். உயில் வென்றது. 1903இல் முதல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் தோழர்களே, உறவினரிடமிருந்து தப்பிய உயில், பாதுகாவலரிடம் சிக்கிக்கொண்டது!

முதற்பரிசு பெற்றவர் ஜான்-அந்துவான் நோ. வயது 43. சரி, முதல் ஆண்டு. தடம் தெரியாத தொடக்கம் என்று விட்டுவிடுவோம். 1919ஐ எப்படி விடுவது?

அது முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு. பிரான்சு நாடு பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரரைப் பறிகொடுத்து நின்ற நேரம். பதுங்குகுழியிலே கிடந்து, தோழர் மடிவதைக் கண்ணாரக் கண்டு திரும்பிய ரோலான் டோர்ழெலஸ், ‘மரச் சிலுவைகள்’ என்ற நாவலைத் தந்தார். அவருக்கு வயது 34. எதிரே நின்றது, மர்செல் புரூஸ்டு எழுதிய ‘மலரும் மங்கையர் நிழலில்’. அவருக்கு வயது 48. பரம்பரைச் செல்வம் படைத்தவர். பத்து வாக்குகளில் புரூஸ்டுக்கு 6, டோர்ழெலசுக்கு 4! ஏடுகள் கொதித்தன. ‘லுமனித்தே’ நாளேடு, முதியோருக்கு வழிவிடுங்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு எள்ளி நகையாடிற்று. டோர்ழெலசின் பதிப்பாளரோ, நூலின்மீது சுற்றிய தாளிலே ‘கோன்கூர் பரிசு’ என்று கொட்டை எழுத்திலும், ‘பத்திலே நான்கு வாக்கு’ என்று பொடி எழுத்திலும் அச்சிட்டு விற்றார். வழக்கு மன்றம் ஏறியது அந்தக் கூத்து, பதிப்பாளர் தோற்றார்.

உடனே ஒரு குரல் கேட்கும். “புரூஸ்டு உலகப் பேரெழுத்தாளர் ஆயிற்றே! காலம் அவர் பக்கம்தானே தீர்ப்பளித்தது?” என்று கேட்பர் நண்பர்கள். ஆம், அளித்தது. புரூஸ்டின் புகழிலே ஒரு குன்றிமணியையும் நான் குறைக்கப் போவதில்லை. உயிலிலே கண்ட தனித்தன்மை அவரிடம் உண்டு, துணிவும் உண்டு. ஆனால் உயிலின் முதற்சொல் எது? இளமை! வழிப்போக்கரின் வறண்ட நாவுக்கென்று ஒருவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். ஊரிலே மிகப் பெரிய அறிஞர் பல்லக்கிலே வந்திறங்கி, பானை நீரைப் பாதம் கழுவ எடுத்துக்கொண்டார். “அறிஞர் அல்லவா?” என்று கேட்டால், “அறிஞர்தான், ஆனால் பந்தல் தாகத்துக்கு” என்பதன்றி வேறு என்ன விடை? பெரியவருக்கு மாலை சூட்ட நாட்டிலே ஆயிரம் மேடை உண்டு. இளையவனுக்கென்று இருந்தது இந்த ஒரு பந்தல்!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். பரிசு மறுக்கப்பட்ட அதே டோர்ழெலஸ், 1929இல் அதே மன்றத்திலே உறுப்பினராக அமர்ந்தார். பின்னர் தலைவருமானார். 1973இல் மறையும் வரை அங்கேதான் இருந்தார். ஒதுக்கப்பட்ட இளைஞரே உள்ளே சென்று 44 ஆண்டு அமர்ந்தும் உயிலின் முதற்சொல் ஒரு விதியாகவில்லையே! ஆளிலே இல்லை கோளாறு, ஆசனத்திலே இருக்கிறது!

மன்றம் இளமைக்குக் கை கொடுத்ததே இல்லையா? கொடுத்திருக்கிறது. கொடுத்தபோது என்ன நடந்தது என்பதே என் வழக்குக்கு வலுவான சாட்சி. 1921! ரெனே மரான் என்ற 34 வயதுக் கறுப்பினத்தவர். ஆப்பிரிக்காவிலே பிரெஞ்சு ஆட்சியின் அலுவலராக இருந்தவர். ‘பத்துவாலா’ என்ற நாவல் எழுதி, அதன் முன்னுரையிலே, நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று நவின்ற வெள்ளை ஆதிக்கம் மக்களை வதைத்த வகையை அஞ்சாமல் எடுத்துரைத்தார். வாக்குகள் சரிபாதியாகப் பிளந்தன. தலைவரின் வாக்கால் பரிசு மரானுக்குக் கிடைத்தது. கோன்கூர் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். ஆதிக்கக் கோட்டை அதிர்ந்தது! ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலே நூல் தடை செய்யப்பட்டது. அலுவலிலிருந்து அவர் விலக நேர்ந்தது. ஒரு சின்ன நூல். ஒரு பெரிய பேரரசுக்குப் பேரச்சம்! எட்மண்ட் எழுதிய உயில் அன்று உண்மையிலேயே உயிர் பெற்று நடந்தது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2021இல், செனகல் நாட்டு முகமது முபுகார் சார், 31 வயதிலே அப்பரிசைப் பெற்றார். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து வந்து வென்ற முதல்வர். அவர் நூலைப் பாரிசிலே ஒரு சிறு பதிப்பகமும் தக்காரிலே ஒரு பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்டன. 1976இல் 29 வயது பத்ரிக் கிரேன்வில் பெற்ற பின், அத்துணை இளையவருக்குப் பரிசு போக 45 ஆண்டு ஆயிற்று. இளைஞருக்குரிய பரிசு இளைஞரைத் தேடிவர 45 ஆண்டு! இடையிலே 2016இல் மொராக்கோவிலே பிறந்த லெய்லா சிலிமானி 35 வயதிலே பெற்றார், மறுக்கவில்லை. ஆனால் பொழுதெல்லாம் வெயிலடித்துவிட்டு எப்போதோ ஒரு தூறல் போட்டால், அதை மழைக்காலம் என்று எவரும் சொல்வதில்லை.

ஏன் இந்த நிலை? நடுவர்கள் கெட்டவர்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. காசு நடந்த வழியைப் பாருங்கள், காரணம் தானே விளங்கும்.

1903இலே 5000 பிராங்கு என்பது, ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கூலியைப் போலச் சில மடங்கு. அதைப் பெற்ற இளைஞன், அலுவலகத்திலே கணக்கெழுதாமல், ஏட்டுக்குக் கூலிக்கட்டுரை எழுதாமல், அடுத்த நாவலை அமைதியாக எழுதலாம். நேரம்! அதுதான் எட்மண்ட் இளைஞனுக்குத் தர விரும்பிய செல்வம். பின்பு போர்கள் வந்தன. பணத்தின் மதிப்பு கரைந்தது. தொகையோ கூடவில்லை. 1960இல் பிரெஞ்சு நாணயத்திலே இரண்டு சுழியம் நீக்கப்பட்டபோது, 5000 பிராங்கு 50 ஆயிற்று. யூரோ நாணயம் வந்த பின் அது 10 யூரோ! ஆம் தோழர்களே, பத்தே பத்து! வங்கியிலே கட்டுவதைவிடச் சுவரிலே மாட்டத் தகுந்த காசோலை அது.

தொகை செத்தது, மதிப்பு சாகவில்லை. அது இடம் மாறிற்று. பரிசு பெற்ற நூலின்மீது சிவப்புத் தாள் சுற்றப்படுகிறது. கடைகளிலே லட்சக்கணக்கில் விற்கிறது. 2020இல் பரிசு பெற்ற ‘லனோமலி’ பத்து லட்சத்தையும் தாண்டிற்று. எழுத்தாளருக்கும் அதிலே பங்குண்டு. ஆனால் பெரும் பங்கு பெட்டிக்குப் போவது வணிகரிடம். முன்பு நடுவரின் வாக்கு ஓர் இளைஞனின் ஓராண்டு உணவு. இப்போது அது ஒரு நிறுவனத்தின் ஓராண்டு வருமானம்! அந்த வாக்குக்காக யார் வாசலிலே நிற்பர்? அரும்பு மீசை இளைஞனா? ஆலமரம் போன்ற பதிப்பகங்கள்! கலிமார், கிராசே, சேய் என்ற மூன்று பெயர்களையும் ஒட்டி, ‘கலிகிராசேய்’ என்று பிரெஞ்சு மக்களே ஒரு கேலிப்பெயர் சூட்டினார்கள் என்றால், பரிசுகள் எந்தத் தெருவிலே அதிகம் உலவின என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பதிப்பகத்திலே சம்பளம் பெறுபவர் நடுவராக இருக்கலாகாது, 80 வயதைக் கடந்தவர் வாக்களிக்கலாகாது என்ற விதிகள் 2008இலே வந்தன. முதற்பரிசுக்கும் இதற்கும் இடையே 105 ஆண்டு! நடுவரின் வாழ்க்கைத் துணையோ நெருங்கிய உறவினரோ எழுதிய நூலைப் போட்டியிலே ஏற்பதில்லை என்ற விதி, அப்படி ஒரு நூல் பட்டியலிலே ஏறிச் சந்தி சிரித்த பின்னர், 2021இலே வந்தது. திருத்தத்தை வரவேற்கிறேன். ஆனால் வேலி போட்டவரைப் பாராட்டும்போதே, இத்தனை காலம் மேய்ந்தது யார் என்றும் கேட்க வேண்டாமா?

இந்தச் சந்தையைக் கண்டு முகம் சுளித்த மானமுள்ளோரும் இருந்தனர். ஜூலியன் கிராக், 1950இலே இலக்கிய வணிகத்தைச் சாடிச் சிறுநூல் எழுதினார். மறு ஆண்டே அவருக்குப் பரிசு என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தார். ஆயினும் அறிவித்தனர்; அவர் மறுத்தார். இன்னொரு நாடகம் 1975இலே. 1956இல் பரிசு பெற்ற ரொமேன் கரி, ஒருவருக்கு ஒருமுறைதான் என்ற விதி இருக்க, எமில் அழார் என்ற புனைபெயரிலே எழுதினார். தம் உறவினரான இளைஞர் ஒருவரை அந்த வேடத்திலே நடமாடவிட்டார். பரிசு மீண்டும் வந்தது! உண்மை ஊருக்குத் தெரிந்தது, 1980இலே அவர் மறைந்த பின்புதான். 61 வயது எழுத்தாளருக்குப் புதிய முகம் வேண்டியிருந்தது. அதற்கு இளமை வேடம் பயன்பட்டது. உண்மையான இளைஞனுக்கோ வேடமும் இல்லை, மேடையும் இல்லை! 1984இலே மார்கரித் தியூராசுக்குப் பரிசு. அவருக்கு வயது 70; நூலோ ஏற்கெனவே அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. நிறைந்த குடத்துக்கு மேலும் ஒரு குவளை!

“முதல் நாவலுக்கென்று கோன்கூர் மன்றமே தனிப் பரிசு தருகிறதே?” என்பர். தருகிறது. வீட்டுக்கு உரியவனைத் திண்ணையிலே அமர்த்தி, விருந்தினரைக் கூடத்திலே உட்கார்த்திவிட்டு, “அவனுக்கும் இடம் கொடுத்தோமே” என்பதற்குப் பெயர் நீதியா? அல்சீரிய எழுத்தாளர் கமேல் தாவூது 2015இல் முதல் நாவலுக்கான பரிசு பெற்றார். பெரும் பரிசு 2024இலே வந்தது. திண்ணையிலிருந்து கூடத்துக்கு ஒன்பது ஆண்டுப் பயணம். அதற்குள் 54 வயது!

இளையோரிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டிலே சான்று உண்டு. 1988 முதல், பள்ளி மாணவர் ஏறத்தாழ 2000 பேர், மன்றத்தின் பட்டியலிலுள்ள நூல்களையே படித்து, வாதிட்டு, தாமாகவே ஒன்றைத் தேர்கிறார்கள். 2016இலே அவர்கள் தேர்ந்தது, 34 வயது கயேல் ஃபாய் எழுதிய முதல் நாவலை. பெயர் பொறித்த கரண்டியும் இல்லை, ட்ரூவான் உணவகத்து விருந்தும் இல்லை. வகுப்பறையிலே அமர்ந்தே உயிலை நிறைவேற்றினர் அந்தச் சிறுவர்!

ஆகவே மன்றத்தாருக்கு மூன்று கேள்விகள். ஆண்டுதோறும் இயலாவிடினும், ஓராண்டு விட்டு ஓராண்டேனும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கே பரிசு என்று விதி செய்ய என்ன தடை? சிவப்புத் தாள் சுற்றிய ஒவ்வொரு படிக்கும் பதிப்பகத்தின் இலாபத்திலிருந்து சிறு தொகை பெற்று, இளம் நாவலாசிரியருக்கு ஓராண்டு உணவும் உறைவிடமும் தரும் நிதி அமைக்க என்ன தடை? 80 வயதிலே விடைபெறும் நடுவர், பத்தாண்டிலே விடைபெற்றால் என்ன தடை?

செய்ய மனமில்லையென்றால், ஒன்றேனும் செய்யுங்கள். இளமை என்ற அந்தச் சொல்லை உயிலிலிருந்து அழித்துவிட்டோம் என்று ஊரறியச் சொல்லுங்கள். நூறாண்டுக்கு மேலாக ஒரு பொய்யைச் சுமக்கும் பாரமாவது குறையும்.

எங்கோ பாரிசிலே நடக்கும் விருந்துக்கு இங்கே ஏன் வியர்க்கிறது என்று கேட்பீர்கள். தோழர்களே, பாதுகாவலன் பங்காளியாவது எந்த ஊரிலே நடந்தாலும் அதைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. யாருக்காக ஒரு பொருள் வைக்கப்பட்டதோ அவன் பெயரை வாயிலிலே எழுதிவிட்டு, வாயிலை அவனுக்கே அடைக்கும் வித்தைக்கு மொழி வேறுபாடு இல்லை. வரும் நவம்பரிலும் ட்ரூவானிலே கரண்டிகள் ஒலிக்கும், பெயர் அறிவிக்கப்படும், சிவப்புத் தாள் பறக்கும். அன்று நாம் கேட்க வேண்டியது, “யார் வென்றார்?” என்பதல்ல. “யாருக்குரியதை வென்றார்?” என்பதே!