டெலஸ்கோப்பைத் தூங்க வைப்பது எப்படி?

தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இதில் சனியின் வளையம் தெரியுமா?" தெரியும். வியாழனைச் சுற்றும் பெரிய சந்திரர்கள் நான்கும் தெரியும். நமது சந்திரனிலுள்ள மலைகளின் நிழலும் தெரியும். "ஐயா, பார்க்காத நேரத்தில் இதை எங்கே வைப்பது?" என்று கேட்கிறவர்களைத்தான் காணோம்.

உண்மையில் அதுவல்லவா முதலில் கேட்க வேண்டிய கேள்வி? வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மகா ஊக்கமுள்ள ஒருவர் நூறு இரவுகளில், இரவுக்கு இரண்டு மணி வீதம் வானத்தைப் பார்த்தாலும் 200 மணிதான் ஆகிறது. பாக்கி 8,560 மணி நேரமும் அந்த யந்திரம் எங்கேயாவது நின்று கொண்டிருக்க வேண்டும். அது எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த 200 மணி நேரமும் கிடைக்கிறது, அல்லது கிடைக்காமற் போகிறது.

கையில் தூக்கிப் போகும் சிறு கண்ணாடிகளைப் பற்றிக் கவலையில்லை. அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று போகும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. அங்குலக் கணக்கு என்பது குழாயின் அடியில் இருக்கும் குழிக்கண்ணாடியின் குறுக்களவு. பத்து அங்குலத்துக்குக் குழாய் மாத்திரம் சுமார் 35 ராத்தல். அது உட்காரும் பீடம் ஏறக்குறைய அதே கனம். பன்னிரண்டு அங்குலமானால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 90 ராத்தல் வரையில் போகும். வாங்கின மாதத்தில் உற்சாகம் கனத்தைத் தூக்கிவிடுகிறது. மூன்றாவது மாதம், "இன்றைக்கு மேகம் வரும் போலிருக்கிறது" என்று தோன்ற ஆரம்பிக்கிறது. ஆறாவது மாதம் குழாயின்மேல் துவைத்த துணி காய்கிறது.

இந்தச் சங்கடம் பெரியவர்களையும் விடவில்லை. வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் நின்று 1781ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் உபயோகித்தது ஏழு அடி நீளமுள்ள குழாய். கண்ணாடி ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகம். இஷ்டப்பட்ட இடத்துக்கு எடுத்துப் போகலாம். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் சந்திரன் வீட்டுக்கு முன்புறம் வந்தபோது, யந்திரத்தைத் தெருவுக்கே கொண்டு வந்து பார்த்துக் கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன வில்லியம் வாட்ஸன் என்னும் கனவான் தாமும் பார்க்க அனுமதி கேட்டார். அன்று ஏற்பட்ட சிநேகிதம் ஹெர்ஷலை ராயல் சொஸைட்டி வரையில் கொண்டுபோய் விட்டது.

பின்னால் மன்னரின் பொருளுதவியுடன் ஸ்லௌ என்ற ஊரில் நாற்பது அடிக் குழாய் ஒன்றைக் கட்டி, 1789ல் முடித்தார். நான்கு அடி அகலக் கண்ணாடி. கனம் 2,000 ராத்தலுக்கு மேல். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிரமித்தார்கள். ஆனால் ஹெர்ஷல் தம்முடைய வேலையில் பெரும்பகுதியை அதற்கு முந்திய இருபது அடிக் குழாயைக் கொண்டேதான் செய்தார். பெரியதைத் தயார் செய்வதற்குள் நல்ல நேரம் போய்விடும். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த அந்தக் கண்ணாடி ஈரக் காற்றில் மங்கிப் போகும். மறுபடி மெருகிட வேண்டும். கடைசியில் தாங்கி நின்ற மரச் சட்டங்கள் உளுத்துப் போயின. குழந்தைகள்மேல் விழுந்துவிடப் போகிறதே என்று அவருடைய புதல்வர் ஜான் ஹெர்ஷல் அதை இறக்கினார். 1840ஆம் வருஷம் பிறந்த இரவில் குடும்பத்தார் எல்லோரும் அந்தக் குழாய்க்குள் நுழைந்து உட்கார்ந்து, அதற்குப் பிரிவுபசாரப் பாட்டுப் பாடினார்கள். ஒரு குடும்பமே உட்காரக்கூடிய குழாய்! வீட்டில் வைத்துக் கொள்ளக் கூடியதா அது?

அமெரிக்க தேசத்தில் ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் வேறு விதமாக யோசித்தார். வடதுருவப் பிரதேசங்களுக்குப் பிரயாணம் செய்தவர், சித்திரக்காரர், கட்டடக் கலை பயின்றவர். வெர்மான்ட் மாகாணத்து ஸ்ப்ரிங்பீல்டில் இருந்துகொண்டு 1920களில் அவர் ஒரு தோட்டத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை அமைத்தார். உடம்பு முழுதும் வெண்கலம், குழாய் கிடையாது, இலையும் தண்டுமாகச் செதுக்கியது போன்ற வேலைப்பாடு. மழையோ பனியோ, தோட்டத்திலேயே நிற்கும். பகலில் சூரிய கடிகாரமாகவும் உதவும். ஆறு அங்குலக் கண்ணாடியையும் கண்வில்லையையும் மாத்திரம் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போய்விடலாம். கனமானது வெளியே, நுட்பமானது உள்ளே! எவ்வளவு அழகான ஏற்பாடு! விலைதான் எல்லோருக்கும் எட்டவில்லை. மிகச் சிலவே செய்து விற்கப்பட்டன. ஆயினும், இரும்பாலும் காரையாலும் ஒரு கால் நட்டுவிட்டுக் குழாயை மாத்திரம் உள்ளே வைக்கிறவர்கள் இன்றைக்கும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் போர்ட்டருடைய சிஷ்யர்கள்தான்.

மூன்றாவது மனிதர் நமக்குச் சற்று நெருங்கியவர். ஜான் டாப்ஸன் 1915ல் சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் ரஸாயன சாஸ்திரம் படித்து, 1944ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸ்ரீராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தவர். துறவிக்குக் காசு ஏது? கப்பல் ஜன்னலுக்கு இட்ட பழைய கனத்த கண்ணாடியைத் தேய்த்துப் பன்னிரண்டு அங்குலக் குழிக்கண்ணாடி செய்தார். காங்கிரீட் தூண் வார்ப்பதற்கு உபயோகமாகும் அட்டைக் குழாயே அவருக்கு டெலஸ்கோப்புக் குழாய். பலகைப் பெட்டியே பீடம். பிறகு ஸாக்ரமென்டோ மடத்துக்கு மாறினார். அங்கே இருக்கையில் கண்ணாடிகளுக்குச் சக்கரம் கட்டி, இரவில் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய், அக்கம் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சந்திரனைக் காட்டுவார். மடத்து நியமங்களுக்கும் இந்த நகர்வலத்துக்கும் ஒத்துப் போகவில்லை. 1967ல் வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு நடைபாதையிலேயே கண்ணாடியை வைத்துப் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டு, 2014 வரையில் 98 பிராயம் ஜீவித்திருந்தார். கனத்த டெலஸ்கோப்பை வீட்டில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்று உபயோகிப்பது அவர் வகுத்த பெட்டிப் பீடத்தைத்தான். அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சக்கரத்தைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

இந்தச் சக்கர விஷயத்தில் நமது அபிப்பிராயம் உறுதியானது. மனிதன் முதுகெலும்பு 90 ராத்தலை இருட்டில், ஈரப் படிக்கட்டில் தூக்குவதற்காக ஏற்பட்டதல்ல. பெரிய காற்றுச் சக்கரங்கள் இரண்டு, பின்னால் பிடி, முன்னால் சிறு சக்கரம் ஒன்று என்று பலகை வண்டி செய்துகொண்டால், பெண்மணிகளும் பிள்ளைகளும்கூடத் தள்ளிவிடலாம். சக்கரம் சிறியதாயிருந்தால் புல்லிலும் சரளைக் கல்லிலும் புதையும். நிலைப்படிக்குச் சாய்வுப் பலகை ஒன்று வேண்டும். தள்ளுகிற சமயத்தில் கண்வில்லையைக் கழற்றிவிட வேண்டும்; குழாய் ஆடாதபடி பட்டையினால் கட்டிவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மூலைக்கு ஒன்றாக மரக்கட்டையோ திருகாணியோ கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் உயர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தொடும்போதும் சனி பகவான் நடனமாடுவார். குலுங்கி வந்ததில் கண்ணாடிகள் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கும். பார்க்குமுன் சரி செய்துகொள்வது அவசியம்.

எங்கே நிறுத்துவது? வீட்டுக்குள்ளே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. கனத்த கண்ணாடி சீக்கிரம் குளிராது. வெதுவெதுப்பான அறையிலிருந்து குளிர்ந்த வெளிக்குக் கொண்டுபோனால், ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ கண்ணாடியிலிருந்து வெப்பம் எழும்பிக் குழாய்க்குள் காற்று அலைந்து கொண்டேயிருக்கும். நக்ஷத்திரங்கள் கொதிக்கிற எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி துடிக்கும். நமது கடலோர ஊர்களில் கதை தலைகீழ். குளிர்சாதன அறையிலிருந்து புழுக்கமான மொட்டைமாடிக்கு எடுத்துப் போன அடுத்த நிமிஷமே கண்ணாடி வேர்த்துவிடும். ஆகவே, வெளிக் காற்றின் சீதோஷ்ணத்திலேயே இருக்கும் இடம்தான் உத்தமம். கூரைத் தாழ்வாரம், சைக்கிள் கொட்டகை, காற்றோட்டமுள்ள சாமான் அறை, எதுவானாலும் சரி. தோட்டமும் பணமும் உள்ள சிலர் கூரையையே தண்டவாளத்தில் தள்ளிவிடும்படியாகச் சிறு கொட்டகை கட்டுகிறார்கள். டெலஸ்கோப் அசையாது, வீடுதான் நகரும்!

கொட்டகையும் இல்லாவிட்டால் மூடிவைக்க வேண்டியதுதான். இங்கேதான் பலர் அதிக ஜாக்கிரதையினாலேயே கெடுத்துவிடுகிறார்கள். மழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தரை வரையில் இழுத்துச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். மழை வெளியேதான் நிற்கிறது. ஆனால் மண்ணிலிருந்து ஆவி மேலே வருகிறது. பகல் வெயிலில் உள்ளே புட்டுக்குழாய் மாதிரி ஆவி நிறைந்து, இரவில் குளிர்ந்து, கண்ணாடியிலும் ஆணிகளிலும் துளித் துளியாய் நிற்கிறது. பலகை ஊதுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, வில்லைகளில் சிலந்தி வலை போல் பூஞ்சணம் படர்கிறது. எனவே தரையில் கல்லோ சிமெண்டோ பரப்பி, யந்திரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, வெண்மையான அல்லது வெள்ளி நிறமான உறையைத் தளர்த்தியாகப் போட்டு, அடியில் ஒரு சாண் திறந்துவிட வேண்டும். வெய்யிலைத் திருப்பியனுப்பும் நிறமும், மழையைத் தடுத்துக் காற்றைப் போகவிடும் துணியும் இருந்தால் மெத்த விசேஷம். காற்றுக்குப் பறக்காமல் குறுக்கே ஒரு கயிறு போதும். மழைக்காலம் முழுவதும் பார்க்கப் போவதில்லை என்றால், உறையை நம்பாமல் உள்ளே கொண்டு வந்து விடுவதே மேல்.

பார்த்து முடித்தபின் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் துடைக்கவே கூடாது. இக்காலத்துக் குழிக்கண்ணாடியின் மேலிருப்பது அலுமினியப் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்கு! வேஷ்டி நுனியால் ஒருமுறை துடைத்தால் தூசியே உப்புத்தாளாகிவிடும். மூடியைத் திறந்து வைத்து, தானாக உலரவிட்டு, அதற்குப் பிறகு மூட வேண்டும். பனி படியாதிருந்தால், வெளியிலேயே மூடி போட்டு உள்ளே கொண்டு வர வேண்டும். குழாயைப் படுக்கை வாட்டமாக நிறுத்தினால் கண்ணாடியின் மேல் தூசி இறங்குவது குறைகிறது. கண்வில்லைகளுக்கு இறுக மூடும் டப்பாவும், ஈரம் உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலமும் போதும். நிறம் மாறும் ரகமானால் மாறியதும் சூடு காட்டி மறுபடி உபயோகிக்கலாம்.

ஈரமான தேசத்தில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பவர்கள் ராதாகோவிந்த சந்திரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். வங்காளத்தில், இப்போது பங்களாதேஷிலுள்ள ஜெஸ்ஸூரில், கஜானா குமாஸ்தா. மூன்று அங்குலக் கண்ணாடியைக் கொண்டு ஒளி மாறும் நக்ஷத்திரங்களைக் கவனித்து அமெரிக்கச் சங்கத்துக்குக் கணக்கு அனுப்பி வந்தார். அவர்கள் மெச்சி 1926ல் ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை அனுப்பினார்கள். 1954 வரையில் அவர் அனுப்பிய கணக்குகள் 37,000க்கு மேல். அந்த ஆறு அங்குலக் கண்ணாடி பிற்பாடு வானசாஸ்திரி வேணு பாப்புவின் கைக்கு வந்து, நமது காவலூர் வானிலயத்துக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு அங்குலம் வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் அந்த ஆறு அங்குலத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

அபாயமான விஷயம் ஒன்று உண்டு. பத்து அங்குலக் கண்ணாடியில் வெயில் நேரே விழுந்தால், குவியும் இடத்தில் பலகையும் துணியும் தீப்பற்றிக் கொள்ளும். குழந்தை அதில் கண்ணை வைத்தால் கண் போய்விடும்; நொடி நேரம் போதும். "விடியற்காலையில் எழுந்து மூடிக் கொள்ளலாம்" என்று படுக்கப் போகிறவர் விழிப்பதற்குள் சூரியன் விழித்துவிடுகிறான். ஆகையால் இரவு எத்தனை மணியானாலும் குழாயின் வாயில் கெட்டி மூடி போட்டு, குழந்தைகளால் எடுக்க முடியாதபடி பட்டை கட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கித்தான் உறை மாத்திரம் போதாது. காற்று அதைத் தூக்கிவிடும். பகலில் இடம் மாற்றும்போதும் மூடி அப்படியே இருக்கட்டும்.

மாதக் கணக்கில் மூடியிருந்த குழாயைத் திறக்கிற அன்று உடனே கண்ணை வைத்துவிட வேண்டாம். பக்கவாட்டில் நின்று குழாயை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே குடித்தனம் நடத்திக் கொண்டிருக்கும் குளவிகளுக்குச் சனி வளையத்தில் கொஞ்சமும் சிரத்தை கிடையாது.