கடன் அவர் பேரில், ஏலம் நம் தலையிலா?



தாளடி நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. களை எடுக்க ஆள் சொல்லிவிட்டு விடியற்காலையில் வயலுக்குப் போனார் நமது சங்க உறுப்பினர் ஒருவர். மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தச் சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்திருக்கிறது, இனி யாரும் இதில் எந்த விவகாரமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று போட்டிருந்தது. அவர் காலடியில் பயிர் பச்சை கட்டி நின்றது.

மூன்று ஏக்கர். அப்பா காலத்திலிருந்து முப்பத்தைந்து வருஷமாகக் குத்தகை. அறுவடைக்கு அறுவடை நெல் அளந்திருக்கிறார். புயலடித்த வருஷம்கூடக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நிலத்துக்காரர் குடும்பம் பட்டணத்தில். மகன் தொழிலுக்காக இந்த நிலத்தை வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார்கள். தொழில் படுத்துவிட்டது, தவணை நின்றுவிட்டது. இதில் ஒரு வார்த்தைகூட நம் ஆளுக்குத் தெரியாது.

நிலத்துக்காரரிடம் போனார். "நானே கழுத்தளவு தண்ணியில நிக்கிறேன், நீ வேறயாப்பா" என்றார் அவர். வங்கிக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "நீங்க யாரு? எங்க ரெக்கார்டுல உங்க பேரே இல்லையே."

தோழர்களே, இந்த இதழில் நாம் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். முப்பத்தைந்து வருஷம் சேற்றில் நின்றவனைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்க முடிகிறதென்றால், அந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது? நம் கையில் என்ன பதில் இருக்கிறது?

சட்டம் சொல்லும் பதில்

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. இது யாரும் தானமாகக் கொடுத்த சட்டமல்ல. கீழத்தஞ்சையில் பி.சீனிவாசராவ் போன்ற தலைவர்களின் பின்னால் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் கொடி பிடித்து, அடிபட்டு, சிறை சென்று 1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கான சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். அதைத் தொடர்ந்து மாநிலம் முழுமைக்கும் வந்ததே 1955 சட்டம்.

அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்வது இதுதான். தன் உழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ சாகுபடி செய்யும் குத்தகைதாரரை, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுகிறேன் என்ற பேரிலும்கூட, நிலச் சொந்தக்காரர் தன்னிஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. வெளியேற்றக் காரணங்கள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன: குத்தகை பாக்கி வைத்தல், நிலத்தையோ பயிரையோ பாழாக்குதல், விவசாயம் அல்லாத காரியத்துக்கு நிலத்தைப் பயன்படுத்துதல், நிலச் சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல். அதையும் வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விசாரித்து, உத்தரவு வாங்கித்தான் செய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலைத் திரும்பவும் படியுங்கள். "நிலத்துக்காரர் வங்கியில் தவணை கட்டவில்லை" என்ற காரணம் இதில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. அவர் செய்த தவறுக்கு நம்மைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. நிலம் கை மாறலாம், விலைக்குப் போகலாம், ஏலத்துக்கும் போகலாம். வாங்குகிறவர் நிலத்தோடு சேர்த்து அதில் உழுகிறவரின் உரிமையையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறார். நேற்று வரை ஒருவருக்கு அளந்த குத்தகையை நாளை முதல் இன்னொருவருக்கு அளப்போம். அவ்வளவுதான் மாற்றம். வங்கி பிணையை விற்கலாம், பயிர்க்காரனை விற்க முடியாது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அடமானத்துக்கு முன்பிருந்தே குத்தகையில் இருப்பவர் கட்சி பலமானது. அடமானத்துக்குப் பிறகு வந்தவருக்கு வழக்கு சிக்கலாகும். ஆகவே எந்த வருஷத்திலிருந்து சாகுபடி என்பதற்கான சாட்சியம்தான் உயிர்நாடி.

சர்ஃபாசி சட்டமும் விளைநிலமும்

வங்கிக்காரர்கள் கையில் இப்போது இருக்கும் பெரிய ஆயுதம் 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம். இதன்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுத்து ஏலம் விடலாம். ஆனால் இதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்கிறது. விவசாய நிலத்தின் மீது கடனை வசூலிக்க வேண்டுமானால் வங்கி வழக்குப் போட்டு வரட்டும். சுவரில் தாள் ஒட்டி விளைநிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு எப்படி ஒட்டுகிறார்கள்? "இது விவசாய நிலமே இல்லை" என்று சொல்லித்தான். 2018-ல் இந்தியன் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று எழுதியிருப்பது மட்டுமே போதாது, நிலம் உண்மையில் எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. 2023-ல் இன்னொரு வழக்கில், அடமானம் வைத்த காலத்தில் அங்கே உண்மையில் விவசாயம் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் வாங்கியவர் மேல்தான் என்றது.

கவனியுங்கள் தோழர்களே! பட்டணத்தில் இருக்கும் நிலத்துக்காரர் இதை எப்படி நிரூபிப்பார்? அந்த மண்ணில் குறுவையும் சம்பாவும் போட்டது யார்? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டது யார்? நிலத்துக்காரருக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் குத்தகை விவசாயிதான். ஆனால் அவன் பேர்தான் எந்த ரெக்கார்டிலும் இல்லை!

ஓட்டை எங்கே இருக்கிறது?

அடங்கலில் இருக்கிறது ஓட்டை. பட்டா நிலத்துக்காரர் பேரில். அது நியாயம். ஆனால் யார் சாகுபடி செய்கிறார் என்று எழுத வேண்டிய அடங்கலிலும் எத்தனையோ கிராமங்களில் அவர் பேரையே எழுதிவைக்கிறார்கள். உழுபவன் பேரை எழுதினால் பின்னால் உரிமை கேட்பான் என்று நிலத்துக்காரருக்குப் பயம். அவர் முகம் கோணக் கூடாதே என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தயக்கம். "எழுதச் சொன்னா குத்தகையே போயிடுமோ" என்று நமக்கும் பயம். இந்த மூன்று பயமும் சேர்ந்துதான் வங்கி மேசையில் "நீங்க யாரு?" என்ற கேள்வியாக வந்து நிற்கிறது.

இதனால் நாம் இழப்பது நிலம் மட்டுமா? 2006-லும் 2016-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. கடன் யார் பேரில் இருந்ததோ அவருக்குத் தள்ளுபடி. கந்துவட்டிக்கு வாங்கி நட்டவனுக்கு ஏது தள்ளுபடி? 2019-ல் தொடங்கிய பி.எம்.கிசான் ஆறாயிரம் ரூபாய் நிலம் வைத்திருப்பவருக்கே, குத்தகைக்காரருக்கு இல்லை. சலுகை வரும்போது நாம் கண்ணுக்குத் தெரியமாட்டோம். ஏலம் வரும்போது மட்டும் நம் வயல் தெரியும்!

பட்டணத்து வாடகை வீட்டுக்காரர் கதையையும் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர் கடன் கட்டவில்லை என்பதற்காக, வாடகைச் சட்டப் பாதுகாப்பில் உள்ள குடித்தனக்காரரைச் சர்ஃபாசி சட்டத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவுப் பத்திரம் இல்லாமல் வாய்மொழியாகக் குடியிருப்பவருக்கு அந்தக் கவசம் முழுசாகக் கிடைக்காது என்று 2019-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடானாலும் வயலானாலும் பாடம் ஒன்றுதான். உரிமை இருந்தால் போதாது, அதற்குக் காகிதம் வேண்டும்.

நாம் உடனே செய்ய வேண்டியவை

1. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து நம் பேரைப் பதிய வேண்டும். எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாத வாய்மொழிக் குத்தகைக்கும் மனுக் கொடுக்கலாம். பதிவாகிவிட்டால், பொய் என்று எதிராளி நிரூபிக்கும் வரை அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

2. குத்தகை அளந்தால் ரசீது கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் பணமாக வங்கிக் கணக்கில் போடுங்கள். கொள்முதல் நிலையச் சீட்டு, உரக்கடைச் சீட்டு, பயிர்க்காப்பீட்டு ரசீது எதையும் கிழித்துப் போடாதீர்கள். தகரப்பெட்டியில் கிடக்கும் அந்தக் கசங்கிய சீட்டுதான் நாளைக்குச் சாட்சி.

3. நிலத்துக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால், அல்லது வங்கி ஒருபக்கம் நிலத்துக்காரர் ஒருபக்கம் "என்னிடம் கொடு" என்றால், இருவர் கையிலும் கொடுக்க வேண்டாம். தவணை வந்த ஒரு மாதத்துக்குள் வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடுங்கள். "பாக்கிக்காரன்" என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

4. வருஷத்துக்கு ஒரு தடவை சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். சுவரில் தாள் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

5. வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு அதன் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தைப் புதிதாகக் குத்தகைக்கு விட முடியாது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அப்படி நிலத்தைத் தள்ளிவிடப் பார்ப்பவரிடம் ஏமாறாதீர்கள். "ஒரு கையெழுத்துப் போடு, பார்த்துக்கலாம்" என்று நீட்டும் வெற்றுத்தாளிலும் விட்டுக்கொடுத்த பத்திரத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

6. நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களா? அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். சுவாதீன நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுப் போட வேண்டும். குத்தகைதாரரும் அங்கே தன் உரிமையைச் சொல்லலாம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதே சமயம் வருவாய் நீதிமன்றத்தையும் நாட வேண்டும். ஒரு நாளும் வயலை விட்டு வரப்பேறாதீர்கள்!

நமது கோரிக்கைகள்

தமிழக அரசே! குத்தகைப் பதிவுக்கு விவசாயி அலுவலகம் அலுவலகமாக அலைவதை நிறுத்து. கிராமந்தோறும் முகாம் போட்டு, வயலில் இறங்கி விசாரித்து, உழுபவன் பேரை அடங்கலிலும் குத்தகைப் பதிவேட்டிலும் ஏற்று!

வங்கிகளே! விவசாய நிலத்தை அடமானம் வாங்கும் முன் அதில் சாகுபடி செய்வது யார் என்று நேரில் விசாரித்து எழுதி வையுங்கள். ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி" என்று பொத்தாம் பொதுவாகப் போட்டுத் தப்பிக்காதீர்கள். "சாகுபடி செய்யும் குத்தகைதாரர் இருக்கிறார்" என்று தெளிவாக எழுதுங்கள்.

மாவட்ட ஆட்சியர்களே! சுவாதீனம் எடுக்க உதவி கேட்டு வங்கி வந்தால், அது விளைநிலமா, அதில் குத்தகைதாரர் உண்டா என்று பார்க்காமல் உத்தரவு போடாதீர்கள். நின்ற பயிரை அறுக்க விடாமல் யாரையும் வெளியேற்றாதீர்கள்!

மத்திய அரசே! கடன் வசூல் தீர்ப்பாயங்கள் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவையில்தான் இருக்கின்றன. நடவுக் கூலிக்கே வழியில்லாதவன் பஸ் ஏறி, வக்கீல் பிடித்து எப்படி வழக்காடுவான்? குத்தகை விவசாயிக்குச் சட்ட உதவியை மாவட்டத்திலேயே கொடு!

கடைசியாக ஒரு வார்த்தை. நமது சண்டை நொடித்துப்போன நிலத்துக்காரரோடு அல்ல. இரண்டு ஏக்கரை அடமானம் வைத்து மகளுக்குக் கல்யாணம் செய்தவரும், பிள்ளையைப் படிக்க வைத்தவரும் அவர்களில் உண்டு. வங்கியில் இருப்பதும் மக்கள் பணம்தான். சட்டப்படி வசூலிக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்காதவன், கையெழுத்துப் போடாதவன், ஒரு பைசா அனுபவிக்காதவன் தலையில் அந்தச் சுமையை இறக்காதே என்கிறோம்.

அந்த உறுப்பினரின் பயிர் இப்போது பூட்டை பருவத்தில் இருக்கிறது. அவர் வயலில்தான் இருக்கிறார். அண்டை வயல்காரர்கள் நான்கு பேர் அவருடைய சாகுபடிக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு பதிவாகிவிட்டது. அவரோடு நம் உறுப்பினர்கள் பத்துப் பேர் போய் நின்ற அன்று, வங்கி மேசையில் யாரும் "நீங்க யாரு?" என்று கேட்கவில்லை. "உட்காருங்க" என்றார்கள்.

வரும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள். கையில் குத்தகைப் பதிவு மனு, மடியில் பழைய ரசீதுகள், தோளில் துண்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு வாருங்கள். "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு ஒரே குரலில் பதில் சொல்வோம்:

நாங்கள் உழுகிறவர்கள்! எங்கள் பேரை எழுது!