அண்ணன் கொடுத்த ரத்தம்

எங்கள் கவுஞ்சியில் பூண்டு அறுவடை நடந்த சமயம். பூண்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிற என் கொழுந்தனார், அதைத் தொடாமல் வெறும் தயிர்ச் சோற்றைப் பிசைந்தார்.

"வாயெல்லாம் எரியுது மதினி" என்றார். கண்ணும் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதாம். பூண்டுத் தூசி என்று மூணு மாசமாய்ச் சும்மா இருந்திருக்கிறார்! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் ரத்தப் புற்றுநோய்க்காக வேலூரில் அவருக்கு ஸ்டெம் செல் மாற்று செய்தார்கள். அங்கே சி.எம்.சி.யில் 1986 முதலே இந்தச் சிகிச்சை உண்டு. கூடப் பிறந்த ஒருவருடையது முழுதாய்ப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். என் வீட்டுக்காரருடையது பொருந்தியது. கொழுந்தனாரின் ரத்த குரூப்பே மாறி, இப்போது அண்ணன் குரூப்!

உடனே வேலூருக்குக் கூட்டிப் போனோம். "அண்ணனிடமிருந்து வந்த அணுக்கள் இவர் உடம்பை அந்நியமாய் நினைத்துச் சண்டை போடுகின்றன" என்றார் டாக்டரம்மா. வாய், கண், தோல், ஈரல், நுரையீரல் என்று எதையும் தாக்குமாம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருமாம். மூச்சுப் பரிசோதனையில் நுரையீரல் தப்பித்தது தெரிந்தது. மாத்திரையும் கண் சொட்டு மருந்துமாய் ஒன்றரை வருஷத்தில் அடங்கியது.

சகோதரிகளே, இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள்:

* மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். காய்ச்சல், இருமல், வாய்ப்புண் எதுவானாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

* சின்ன வயசில் போட்ட தடுப்பூசிகளின் பலன் போய்விடும். டாக்டர் சொல்கிறபடி மறுபடி போட வேண்டும்.

* மலைக்குளிரை நம்பி வெயிலில் நிற்கக் கூடாது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவசியம்.

* பின்னாளில் கண்புரை, தைராய்டு கோளாறு, எலும்புத் தேய்மானம் வரலாம். வருஷாவருஷம் பரிசோதனை வேண்டும்.

* இளம் வயசுக்காரர்கள் பிள்ளைப்பேறு பற்றிச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பயப்படவும் வேண்டாம். 2011ல் வெளியான பன்னாட்டுக் கணக்குப்படி, இரண்டு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்களில் 100க்கு 85 பேர் 10 வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

கொழுந்தனாருக்கு இது ஏழாவது வருஷம். "நோய்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று ஊரில் கேட்கிறார்கள். போய்விட்டது உண்மைதான், காவல் நாம்தான் இருக்க வேண்டும். நேற்று அவர் பூண்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.